ஐந்நூறு பவுண்டு வாசற்படி: பிரித்தானியப் பொதுச்சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். லண்டன் தென் ஹரோவில் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் குடியிருக்கும் ஒரு தமிழன் எழுதும் மடல் இது. வாக்குச்சாவடிக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன் நான். இங்கே தங்க அனுமதி கிடைத்ததுமே, குடியுரிமை வருவதற்கு முன்பே, பொதுநலவாய நாட்டவன் என்ற முறையில் எனக்கு வாக்குப் போடும் உரிமை கிடைத்தது. அந்தச் சீட்டை முதன்முதலாகக் கையில் வாங்கிய நாளை நான் மறக்கவில்லை. அந்த நன்றியோடுதான் எழுதுகிறேன். குறை சொல்வதும் அந்த நன்றியால்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பொதுச்சபைத் தேர்தலில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் நீங்கள் வாங்கும் 500 பவுண்டு கட்டுப்பணத்தை நீக்குங்கள். தமிழ்நாட்டார் இதை டெபாசிட் என்பார்கள். பதிவான வாக்குகளில் 5 விழுக்காடு பெறாதவர் அந்தப் பணத்தை இழக்கிறார்.

இதைக் கேட்க எனக்குத் துணையாக நிற்பவர் என் ஹரோ ஊர்க்காரர், தேர்தல் தேர்தலாக நின்று தோற்று 1999இல் மறைந்த ஒரு பாடகர். ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச் என்றால் உங்களில் மூத்தவர்கள் புன்னகைப்பீர்கள். அந்தப் புன்னகையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதைப் படிக்க வேண்டுகிறேன்.

அவரை நான் அறிந்தது அவர் இறந்த பிறகுதான். அப்போது நான் இந்த ஊருக்கு வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. பெட்ரோல் நிலையமொன்றில் இரவு வேலை. விடியற்காலையில் வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டுகளை அறுத்துத் தட்டில் அடுக்குவது என் பொறுப்பு. 1999 ஜூனில் ஒரு நாள், அடுக்க அடுக்கப் பல பத்திரிகைகளில் ஒரே மனிதரின் முகம். தலையில் உயர்ந்த கறுப்புத் தொப்பி, சட்டையில் தட்டுத் தட்டாக, இங்கே வேட்பாளர்கள் குத்திக்கொள்ளும் நாடாப் பூக்கள், வாய் நிறையச் சிரிப்பு. யாரோ நகைச்சுவை நடிகர் என்று நினைத்தேன். சிகரெட் வாங்க வந்த ஒரு முதிய ஆங்கிலேயர் பத்திரிகையை எடுத்துப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு, தான் இளைஞனாக இருந்தபோது இந்த மனிதர் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து பாடியதைப் பார்த்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. இறந்தவர் வீடு இங்கிருந்து அதிக தூரமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அந்த மனிதரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

டேவிட் எட்வர்ட் சட்ச் 1940 நவம்பரில், லண்டன்மீது குண்டு பொழிந்துகொண்டிருந்த நாட்களில் பிறந்தார். பொலிஸ்காரரான தந்தை அந்தப் போரிலேயே இறந்தார். தாய் தனியாளாக வளர்த்த பிள்ளை. பிரபு பட்டம் யாரும் கொடுத்ததல்ல. ‘ஹரோவின் மூன்றாவது ஏர்ல்’ என்று தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். முன்னால் சேர்த்துக்கொண்ட ‘ஸ்க்ரீமிங்’, சவப்பெட்டியிலிருந்து எழுந்து பாடிய அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸின் பெயரிலிருந்து வந்தது. ஆண்கள் காதுக்கு மேல் முடி வெட்டிக்கொண்ட 1960களின் தொடக்கத்தில், தோளைத் தாண்டிய கூந்தலோடு, கறுப்புச் சவப்பெட்டிக்குள் கிடந்தபடி மேடைக்கு வந்தார். பெட்டி திறக்கும், புகை எழும், அலறல் கேட்கும். லண்டனின் பழைய கொலைகாரன் ‘ஜாக் த ரிப்பர்’ பற்றிய பாட்டுக்குக் கத்தியோடு ஆடினார். 1963இல் வந்த அந்த இசைத்தட்டை பிபிசி தடைசெய்தது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் அமெரிக்காவில் இதே வகைப் பயங்கரக் கூத்தை வைத்துப் பெரும் பெயர் எடுத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. தேர்தல் வேட்பாளனாகத் தன்னைக் கற்பனை செய்து ஆலிஸ் கூப்பர் 1972இல் பாடினார். அதற்குள் சட்ச் உண்மையாகவே கட்டுப்பணம் கட்டித் தேர்தல்களில் நின்று தோற்றிருந்தார்.

அவர் குரல் பெரிய குரல் அல்ல. அதை ஒளிப்பதில் எனக்கு விருப்பமில்லை. ஜிம்மி பேஜ், ஜான் பானம், ஜெஃப் பெக் போன்ற பெயர்பெற்ற ராக் கலைஞர்கள் வாசித்த அவருடைய 1970ஆம் ஆண்டு இசைத்தட்டு, 1998இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் மோசமானது என்று தேர்வாயிற்று. ஆனால் அவருடைய ‘சாவேஜஸ்’ குழுவில் பழகி மேலே போனவர்களைப் பாருங்கள். பின்னாளில் டீப் பர்பிள் குழுவின் கிதார் கலைஞரான ரிச்சி பிளாக்மோர் அங்கே வாசித்தார். ரோலிங் ஸ்டோன்ஸின் பல பதிவுகளில் பியானோ வாசித்த நிக்கி ஹாப்கின்ஸும் அங்கிருந்து வந்தவர்தான். இளையவர்களுக்கு மேடை தருவது அவர் சுபாவம். அரசியலிலும் அதைத்தான் செய்தார் என்பது என் எண்ணம்.

1963 ஓகஸ்ட். அமைச்சர் ஜான் ப்ரொஃபூமோ பொய் சொல்லிப் பிடிபட்டுப் பதவி விலகியதால் ஸ்ட்ராட்ஃபோர்ட்-அபான்-ஏவனில் இடைத்தேர்தல். 22 வயதுச் சட்ச் ‘தேசிய இளையோர் கட்சி’ என்ற பெயரில் அங்கே போய் நின்றார். 21 வயது நிரம்பாதவருக்கு அப்போது வாக்கு இல்லை. வேலை செய்யலாம், வரி கட்டலாம், வாக்குப் போட முடியாது. பதினெட்டு வயதில் வாக்குரிமை வேண்டும் என்றார். கிடைத்தவை 208 வாக்குகள். யாருக்காகப் பேசினாரோ அவர்களில் ஒருவர்கூட அவருக்கு வாக்களிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்பதை நினைத்தால் அந்த 208 எனக்குச் சிறிய எண்ணாகத் தெரியவில்லை.

ஆறு ஆண்டுகளில், 1969இல், உங்கள் அவையே வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாக்கியது. 1970 மார்ச்சில் பிரிட்ஜ்வாட்டர் இடைத்தேர்தலில் பதினெட்டு வயதினர் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

வானொலிக் கதையும் அப்படித்தான். பிபிசியின் ஏகபோகம் நடந்த 1964இல், தேம்ஸ் கழிமுகத்தில் கடலுக்குள் நிற்கும் ஷிவரிங் சேண்ட்ஸ் என்ற கைவிடப்பட்ட இராணுவக் கோபுரத்தில் ஏறி ‘ரேடியோ சட்ச்’ நடத்தினார். சில மாதங்களில் தன் மேலாளரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். கடல் வானொலிகளை 1967இல் நீங்கள் சட்டம் போட்டு ஒழித்தீர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இளையோருக்கென்று பிபிசி ரேடியோ 1 பிறந்தது. 1973இல் தனியார் வானொலியும் சட்டப்படி வந்தது. பிற்பகலில் மதுக்கடைகளை மூடவைக்கும் பழைய விதியை எடுக்கச் சொன்னார் அவர், 1988இல் எடுத்தீர்கள். வளர்ப்புப் பிராணிகளுக்குக் கடவுச்சீட்டு வேண்டும் என்று அவருடைய கட்சி கேட்டதைக் கேலி செய்யாதவர் இல்லை. அவர் இறந்து எட்டு மாதங்களில், 2000 பெப்ரவரியில், அதுவும் நடைமுறைக்கு வந்தது.

இவையெல்லாம் அவரால்தான் வந்தன என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இவற்றுக்காக உழைத்த ஆயிரம் பேருக்குச் செய்யும் அநியாயம். பெரிய கட்சிகள் வாய் திறக்கத் தயங்கிய நேரத்தில் வேட்புமனுவில் இவற்றை எழுதிக்கொடுத்து, தன் கைக்காசைக் கட்டி, ஊரார் முன் நின்று சொன்னவர் அவர் என்பதையே சொல்கிறேன். பைத்தியக்காரத்தனம் என்று தள்ளப்பட்ட பேச்சு எது, பத்தாண்டு கழித்துச் சட்டமாகப்போகும் பேச்சு எது என்று வேட்புமனு நாளன்று பிரித்தறிய யாராலும் முடியாது. 500 பவுண்டாலும் முடியாது.

இனி கட்டுப்பணத்தின் கதைக்கு வருகிறேன். 1918இல் உங்கள் முன்னோர் அதைக் கொண்டுவந்தபோது தொகை 150 பவுண்டு. எட்டில் ஒரு பங்கு வாக்கு வாங்காவிட்டால் போயிற்று. அன்றைய 150 பவுண்டு உழைப்பாளி ஒருவருக்கு மலை. காலம் போகப் போக அதன் மதிப்புத் தேய்ந்தது. 1983இல் சட்ச் ‘மான்ஸ்டர் ரேவிங் லூனி கட்சி’ (லூனி என்றால் பைத்தியம்) என்ற கொடியோடு பெர்மண்ட்சி இடைத்தேர்தலில் நின்றபோது களத்தில் 16 பேர். அவருக்கு 97 வாக்குகள். அதே ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஃபிஞ்ச்லியில் பிரதமர் மார்கரெட் தாட்சரையே எதிர்த்து நின்றார். 1984இல் செஸ்டர்ஃபீல்டில் 17 பேர். அங்கும் அவர் இருந்தார். வாக்குச்சீட்டு நீண்டுபோகிறது, தேர்தல் கேலிக்கூத்தாகிறது என்ற முறைப்பாடு எழுந்தது. அரசு முதலில் 1,000 பவுண்டு கேட்டது. பேரம் பேசி 1985இல் 500 என்று முடிந்தது. அதற்கு ஈடாக எல்லை 5 விழுக்காட்டுக்கு இறங்கியது.

சரி, விளையாட்டு வேட்பாளர்கள் நின்றுபோனார்களா? 1993இல் நியூபரி இடைத்தேர்தலில் 19 பேர் நின்றார்கள். 2008இல் ஹால்டெம்ப்ரைஸ் அண்ட் ஹவுடனில் 26 பேர். சட்ச் நிற்பதை நிறுத்தவே இல்லை. ஊர் ஊராகப் பாடிச் சம்பாதித்ததைக் கொண்டுபோய்க் கட்டினார். சுமார் நாற்பது தேர்தல்கள். ஒரு தடவைகூடக் கட்டுப்பணம் திரும்பவில்லை. 1994இல் ரொதர்ஹாமில் 1,114 பேர் அவருக்கு வாக்களித்தார்கள், 4.2 விழுக்காடு. அவர் வாழ்நாளின் உச்சம் அது. அதுவும் எல்லைக்குக் கீழேதான்.

யாரைத் தடுக்க நினைத்து அந்தப் படியைக் கட்டினீர்களோ அவர் தொப்பியோடு தாண்டிக்கொண்டே இருந்தார், ஏனென்றால் அவரிடம் அந்தப் பணம் இருந்தது. பணமுள்ள வெறுப்பரசியல்காரருக்கும் அது தடையல்ல. கட்டுப்பணம் அளப்பது அக்கறையை அல்ல, கைக்காசை. 2015இல் லிபரல் டெமாக்ரட் கட்சி 341 தொகுதிகளில் கட்டுப்பணத்தை இழந்தது. அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகள் இந்த நாட்டை ஆண்ட கூட்டணியில் இருந்த கட்சி அது. அந்த 341 பேரும் விளையாடவா வந்தார்கள்? அவர்களுக்காவது கட்சி இருந்தது.

1990 மே மாதம் பூட்டில் இடைத்தேர்தலையும் நினைத்துப் பாருங்கள். முன்னாள் வெளியுறவு அமைச்சர் டேவிட் ஓவன் தலைமை தாங்கிய சமூக ஜனநாயகக் கட்சியின் வேட்பாளருக்கு 155 வாக்குகள். சட்சுக்கு 418. பத்து நாட்களில் அந்தக் கட்சி தன்னைக் கலைத்துக்கொண்டது. ஒரு பெரிய கட்சிக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல, பூட்டில் மக்களுக்கு அன்று ஒரு தொப்பிக்காரர் தேவைப்பட்டார்.

எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த காட்சி எது தெரியுமா? வாக்கு எண்ணி முடிந்ததும் எல்லா வேட்பாளரையும் ஒரே மேடையில் வரிசையாக நிறுத்தி முடிவை வாசிப்பீர்களே, அதுதான். பிரதமர் நிற்பார். அவருக்கு இரண்டடி தள்ளி ஐம்பது வாக்கு வாங்கியவரும் நிற்பார். அவர் பெயரும் அதே குரலில் வாசிக்கப்படும். பிரதமர் கலைந்துபோகாமல் கேட்டுக்கொண்டு நிற்பார். நான் வந்த நாட்டில் ஆட்சியிலுள்ளவரை இப்படி நிறுத்தி வைத்துப் பார்த்ததில்லை. 1966இல் ஹியூட்டனில் பிரதமர் ஹரோல்ட் வில்சனை எதிர்த்து நின்ற சட்சுக்கு 585 வாக்குகள். அந்த மேடையில் கிடைக்கும் இடம் விற்பனைக்குரியதாக இருக்கலாமா?

இப்போது என் சொந்த அனுபவம் ஒன்று.

2024 மே 22 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டது. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் ஜூன் 7. எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கவைக்கும் வேலை. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு பஸ்ஸில் போகும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. பதினான்கு மணிநேரம் வெளியே அலைந்து ஒன்பது மணிநேரக் கூலியோடு திரும்புகிறார். இதை யாராவது மேடையேறிச் சொல்ல வேண்டும் என்று ஆதங்கப்பட்டவர், நானே நின்றால் என்ன என்றார். நான்தான் வேட்புமனுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர், உடன்படும் வாக்காளர் எட்டுப் பேர். இரண்டே மாலையில் பத்துக் கையெழுத்தும் சேர்ந்துவிட்டது. அவர் பராமரிக்கும் தொண்ணூறு வயது ஆங்கிலேயப் பாட்டி ஒருவர் நடுங்கும் கையால் மூன்று நிமிடம் எடுத்துப் போட்டார். ஆறாவது கையெழுத்துத் தமிழில் இருக்கிறது.

பிறகு பணம். காசாகவோ வங்கி வரைவோலையாகவோ 500 பவுண்டு. அது அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்கும் மேல். வாடகை போக மிஞ்சுவதைச் சேர்த்தால் எத்தனை மாதமோ. தெருவில் தண்டலாம் என்றேன். அவர் மறுத்துவிட்டார். எப்படியும் தோற்கத்தான் போகிறேன், திரும்பி வராத காசை மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது என்றார். பத்திரத்தை நாலாக மடித்து, வாடகைக் கடிதங்கள் வைக்கும் லாச்சிக்குள் வைத்தார். அன்றிரவும் வேலைக்குப் போனார்.

அந்தத் தேர்தலில் நாடு முழுதும் 4,515 பேர் நின்றார்கள். உங்கள் அவைக்கு முதன்முறையாக ஒரு தமிழ்ப் பெண், உமா குமரன், தெரிவானார். எங்கள் வீடுகளில் எல்லாம் மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குள்ளும் மடித்து வைத்த பத்திரம் என் நெஞ்சில் கிடந்தது.

கட்டுப்பணம் இல்லாவிட்டால் கண்டவரும் நிற்பார்கள், வேட்பாளருக்கு அஞ்சல்துறை இலவசமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் தேர்தல் மடலை வியாபாரிகள் விளம்பரமாக்குவார்கள் என்று நீங்கள் அஞ்சலாம். அது வெறும் சாட்டு அல்ல, ஏற்கிறேன். ஆனால் அதற்கு மருந்து கையெழுத்தில் இருக்கிறது. பத்துப் பேர் போதாதென்றால் ஐம்பது பேர் கேளுங்கள், நூறு பேர் கேளுங்கள். அந்த அக்கா நூறு கதவையும் தட்டுவார். அவர் வேலையே கதவு தட்டுவதுதான். அயர்லாந்தில் 2001இல் நீதிமன்றம் கட்டுப்பணம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. இன்று அங்கே சுயேச்சை வேட்பாளர் பணம் கட்டலாம், அல்லது 30 வாக்காளரின் ஒப்புதலைக் கொண்டுவரலாம். கனடாவில் 2017இல் அல்பெர்ட்டா நீதிமன்றம் ஆயிரம் டாலர் கட்டுப்பணத்தைச் செல்லாததாக்கியது. அந்த நாடுகளில் தேர்தல் கேலிக்கூத்தாகிவிடவில்லை. இங்கேயும் உங்கள் தேர்தல் ஆணையம் 2015இலேயே கட்டுப்பணத்தை நீக்கப் பரிந்துரைத்தது. இந்த நாட்டு ஊராட்சி மன்றத் தேர்தல்களில் கட்டுப்பணம் கிடையாது. அதனால்தான் 1987இல் டெவன் மாவட்டத்து ஆஷ்பர்ட்டனில் சட்சின் தோழர் ஆலன் ஹோப் போட்டியின்றி மன்ற உறுப்பினராகி ஊர்வேலை பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். ஊர் கவிழ்ந்துவிடவில்லை.

சட்சின் முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மேடையில் அலறியவர் வீட்டில் நெடுங்காலம் மனச்சோர்வோடு போராடினார். 1997இல் தாய் இறந்தார். 1999 ஜூன் 16 அன்று, அந்தத் தாயின் வீட்டில், 58ஆவது வயதில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது இந்த நாட்டில் அவரளவு நீண்டகாலம் கட்சித் தலைவராக இருந்தவர் வேறு யாரும் இல்லை. இந்தத் தெருக்களில் நடக்கும்போது எனக்கு அவருடைய தொப்பி நினைவுக்கு வருவதில்லை. அன்று விடியற்காலையில் பத்திரிகையோடு நின்ற அந்த முதியவரின் முகம்தான் வருகிறது. நாற்பது தடவை தோற்பதற்கென்றே வாசலுக்கு வந்த ஒருவரை நாம் நாற்பது தடவையும் சிரித்து அனுப்பினோம். அவர் சொன்னதில் எதையெல்லாம் பிறகு நாமே செய்தோம் என்று ஒரு தடவை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கலாம்.

2025 ஜூலையில் அரசு, பதினாறு வயதினருக்கும் பொதுத்தேர்தலில் வாக்குரிமை தரப்போவதாக அறிவித்தது. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் அவர்களுடைய பாராளுமன்றத் தேர்தல்களில் அது ஏற்கனவே நடக்கிறது. இளையோருக்காக 208 வாக்கு வாங்கிய மனிதரின் ஊரிலிருந்து நான் அதை வரவேற்கிறேன். பதினாறு வயதில் வாக்குப் பெறுகிற பிள்ளை பதினெட்டு வயதில் வேட்பாளராகலாம் என்று 2006இலேயே சட்டம் செய்திருக்கிறீர்கள். கடையில் சனி, ஞாயிறு மட்டும் வேலை செய்யும் ஒரு பிள்ளை 500 பவுண்டுக்கு எங்கே போகும்?

தேர்தல் சட்டத்தில் கைவைக்கும்போது கட்டுப்பணத்தை நீக்கும் ஒரு பிரிவையும் சேர்த்துவிடுங்கள். ஹரோவின் உறுப்பினர்கள் இருவரும் இதை முன்மொழிந்தால் இன்னும் மகிழ்வேன். அக்காவின் பத்திரம் பழையதாகிவிட்டது. அடுத்த தேர்தலுக்குப் புதிதாக எழுத வேண்டும். அந்தத் தொண்ணூறு வயதுப் பாட்டி போன மாரியில் காலமாகிவிட்டார். மற்ற ஒன்பது பேரும் இதே தெருக்களில்தான் இருக்கிறோம். மறுபடியும் கையெழுத்துப் போடக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தென் ஹரோவிலிருந்து ஒரு வாக்காளன்